நூறு சதவீத அடைப்பு: மலையில் ஏறி இறங்குபவர் அதைத் திறந்தாக வேண்டுமா?

இதயக் குழாயில் பல வருடங்களாக இருந்த நூறு சதவீத அடைப்பை, நெஞ்சைத் திறக்காமல், கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகவே நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. முழுசாக அடைத்துவிட்டது என்றால் அந்த ஆள் இத்தனை நாள் எப்படி நடமாடினார்? கோவையில் ஆஞ்சியோ செய்தபோது எனக்கும் அப்படி ஒன்று இருப்பதாக எழுதிக் கொடுத்தார்களே, நானும் உடனே திறந்தாக வேண்டுமா?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதற்கு விடை புரியும்.

இரண்டு வகை அடைப்பு

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்கள் மூன்று. ரிப்போர்ட்டில் எல்.ஏ.டி., எல்.சி.எக்ஸ்., ஆர்.சி.ஏ. என்று இருப்பது இவைதான்: இடப்பக்கம் முன்னால் இறங்குவது, இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போவது, வலப்பக்கக் குழாய். உள்விட்டம் பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு மில்லிமீட்டர். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவைவிட ஒல்லி.

இந்தக் குழாய் திடீரென அடைத்தால் அது மாரடைப்பு. சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி மூடிவிடும். அப்போது ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. சீக்கிரம் திறந்தால் தசையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார். இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

இந்தக் கட்டுரை மற்ற வகையைப் பற்றியது. மூன்று மாதமோ அதற்கு மேலோ நேர்வழியில் சொட்டு இரத்தம்கூடப் போகாமல் மூடிக்கிடக்கும் குழாய்க்கு நாள்பட்ட முழு அடைப்பு என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.ஓ. என்பார்கள். இதய இரத்தக்குழாய் நோய் இருப்பதாக ஆஞ்சியோவில் தெரிபவர்களில் ஏறக்குறைய ஐந்தாறு பேருக்கு ஒருவரிடம் இது இருக்கும். அவர்களில் பலருக்கு எப்போது அடைத்தது என்றே தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மந்தமாகத் தெரிவதால், வந்து போன மாரடைப்பை 'கேஸ் ட்ரபிள்' என்று நினைத்து ஒரு சோடாவோடு கடந்திருப்பார்கள்.

திடீர் அடைப்பில் இருப்பது புதிய இரத்த உறைவு. மிருதுவானது, சிகிச்சைக்கான மெல்லிய கம்பியான ஒயர் எளிதில் உள்ளே போய்விடும். நாள்பட்ட அடைப்பில் அந்த உறைவு மெல்ல மெல்ல நார்த்திசுவாக மாறியிருக்கும். அதன்மேல் சுண்ணாம்பும் படிந்திருக்கும். இரத்தம் வந்து முட்டும் மேல்முனையில் கெட்டியான ஒரு மூடி உருவாகிவிடும். அதற்கப்பால் உள்ள குழாயும் போதிய ஓட்டம் இல்லாமல் சுருங்கிப்போயிருக்கும்.

இரண்டுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாயைப் பலூனால் விரிப்பது), ஸ்டென்ட் (விரித்த குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழல்) என்ற அதே சொற்களைத்தான் சொல்கிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர் காப்பதைக் கண்ணால் பார்த்த குடும்பம், நாள்பட்ட அடைப்புக்கும் அதே அவசரத்தோடு ஓடுகிறது.

கோத்தகிரி வழி

வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் என்ன நடக்கும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். குன்னூருக்குப் பால் வரும், அரிசி வரும், பேருந்தும் வரும். தாமதமாக வரும். சீசன் கூட்டமும் சேர்ந்துகொண்டால் குஞ்சப்பனையில் ஊர்ந்துகொண்டு நிற்கும்.

இதயத்திலும் இதேதான். மூன்று குழாய்களுக்கும் இடையில் மயிரிழை போன்ற இணைப்புகள் பலருக்குப் பிறவியிலேயே உண்டு. சாதாரண நாளில் அவற்றில் பெரிய ஓட்டம் இருக்காது. ஒரு குழாய் அடைத்துக்கொண்டே வரும்போது அதற்கப்பால் அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் குழாயின் இரத்தம் அந்தச் சின்ன இணைப்புகள் வழியாக இழுக்கப்படுகிறது. ஓட்டம் கூடக்கூட, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அவை அகலமாகின்றன. இவற்றைப் பக்கவழிக் குழாய்கள் எனலாம். முழு அடைப்போடு ஒருவர் பல வருடம் நடமாடுவது இவற்றின் புண்ணியம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கவழி நன்றாக வளர்ந்திருந்தால்கூட, அது கொடுக்கும் இரத்தம் சுமார் 90 சதவீதம் அடைத்த குழாயில் வருவதற்குச் சமம் என்பது பழைய, இன்றும் பொருந்தும் மதிப்பீடு. உட்கார்ந்திருக்கப் போதும். மேடு ஏறப் போதாது. 'இயற்கையே பைபாஸ் செய்துவிட்டது, கவலையில்லை' என்று சிலர் தைரியம் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

மேடு காட்டிக்கொடுக்கும்

சமவெளியில் ஒருவர் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட முடியும். நீலகிரியில் வீட்டிலிருந்து சாலைக்கு வருவதற்கே ஐம்பது அறுபது படிகள் இருக்கும். தேயிலைக் காட்டின் சரிவு, கேரட் தோட்டத்தின் படிமட்டம், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போகும் ஏற்றம், எல்லாமே இதயத்துக்கு வைக்கும் டிரெட்மில் சோதனைதான்.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. அங்கேயே வாழ்பவர் உடல் இதற்குப் பழகியிருக்கும். ஆனால் பக்கவழியை நம்பியிருக்கும் இதயத் தசைக்குக் கையிருப்பு குறைவு. கோவையில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கும்போது வராத நெஞ்சு இறுக்கம், ஊர் திரும்பிய மறுநாள் படியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடும் 58 வயதுக்காரர். 'நெஞ்சு வலிக்கிறதா?' என்று மருத்துவர் கேட்டால் 'இல்லீங்க' என்கிறார். உண்மைதான், வலி இல்லை. ஆனால் போன வருடம் மேல்தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மூட்டை தூக்குவதில்லை. கோயிலுக்குப் படி வழியாகப் போகாமல் ஆட்டோவில் போகிறார். வயசாகிவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் இருக்கும் மனைவி சொன்னால்தான் விஷயம் வெளியே வரும்: 'முன்னெல்லாம் ஒரே மூச்சுல ஏறுவார் டாக்டர், இப்ப மூணு இடத்துல நின்னு நின்னு வர்றார்.'

நாள்பட்ட அடைப்பின் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். மூச்சு வாங்குவது, சீக்கிரம் களைப்பது, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போவது இதற்காகவே அவசியம்.

ஒயர் உள்ளே போகும் விதம்

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். பாதி திறந்த குழாய்களில் அந்த முறை வேகமாகப் பரவியது. முழு அடைப்புகள் மட்டும் நெடுங்காலம் சவாலாகவே இருந்தன. பலூன் போக வேண்டுமானால் முதலில் அதன் வழித்தடமாக ஒரு ஒயர் அடைப்பைத் தாண்ட வேண்டும். வழியே இல்லாத இடத்தில் ஒயர் எங்கே போகும்? ஜப்பானிய மருத்துவர்கள் இதில் பல நுட்பங்களை உருவாக்கினார்கள். எந்த நுட்பத்தை எப்போது கையில் எடுப்பது என்று முறைப்படுத்திய 'ஹைப்ரிட்' அணுகுமுறை 2012இல் வெளியானது.

இந்தச் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபில் நோயாளி விழித்தேதான் இருப்பார். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ ஊசி போட்டு இரண்டு கதீட்டர்கள் நுழைக்கப்படும். ஒன்று அடைபட்ட குழாயின் வாய்க்கு, மற்றது பக்கவழி கொடுக்கும் குழாய்க்கு. இரண்டிலும் ஒரே நேரத்தில் டை (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) செலுத்தினால்தான் அடைப்பின் மேல்முனையும் கீழ்முனையும் திரையில் சேர்ந்து தெரியும். ஒயரின் தடிமன் 0.36 மில்லிமீட்டர். முனை எவ்வளவு விறைப்பு என்பதைக் கிராமில் சொல்வார்கள். சாதாரண ஒயரின் முனை ஒரு கிராம் அழுத்தத்துக்கே வளைந்துவிடும். கெட்டியான மூடியைத் துளைக்கும் ஒயர்கள் ஒன்பது, பன்னிரண்டு கிராமுக்கும் மேல் தாங்கும். அதற்கு முட்டுக்கொடுக்க மைக்ரோ கதீட்டர் என்ற ஒல்லியான குழாய் கூடவே போகும். மருத்துவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒயரைப் பிடித்து, அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று திருப்பியபடி மில்லிமீட்டர் கணக்கில் முன்னேறுவார்.

போகும் வழிகள் மூன்று:

1. நேர்வழி. பர்லியாறு பக்கத்திலிருந்தே மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வருவது மாதிரி. மிருதுவான ஒயரில் ஆரம்பித்து, தேவைக்கு ஏற்ப விறைப்பான ஒயருக்கு மாறுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் முயல்வது இதைத்தான்.

2. சுவருக்குள் புகுந்து திரும்புவது. மண் அசையவில்லை என்றால் சரிவின் ஓரத்தில் தற்காலிகப் பாதை வெட்டி, சரிவைத் தாண்டியதும் பழைய சாலையில் சேருவோம் அல்லவா? அதுபோல, ஒயர் இரத்தக்குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அடைப்பைத் தாண்டி, மறுபடியும் உள்வழிக்குள் நுழைகிறது. திரும்ப உள்ளே நுழையும் இடம்தான் கஷ்டம். அதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன.

3. பின்வழி. கோத்தகிரி சுற்றிக் குன்னூர் போய், அங்கிருந்து கீழே இறங்கிச் சரிவின் மறுபக்கத்தைத் தொடுவது. ஒயர் நல்ல குழாய்க்குள் போய், பக்கவழி இணைப்பு ஒன்றின் வழியாக அடைப்பின் கீழ்முனைக்கு வந்து சேரும். கீழ்மூடி பல நேரங்களில் மேல்மூடியைவிட மிருதுவாக இருப்பது இதற்கு உதவி. ஆனால் அந்த இணைப்பு கிழிந்தால் ஆபத்து. ஒயர் இருக்கும்போது நல்ல குழாய்க்கே கேடு வந்தால் பெரிய ஆபத்து. அனுபவமுள்ள கை மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

ஒயர் தாண்டிவிட்டால் அப்புறம் பழகிய வேலைதான்: பலூன், ஸ்டென்ட். முழுச் சிகிச்சைக்கும் இரண்டு மணி நேரமோ கூடுதலோ ஆகலாம்.

எந்த அடைப்பு கடினம் என்று முன்கூட்டியே கணிக்க 2011இல் ஜப்பானில் ஒரு மதிப்பெண் முறை வந்தது. மேல்முனை கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தால் 1, சுண்ணாம்பு இருந்தால் 1, அடைப்புக்குள் 45 டிகிரிக்கு மேல் வளைவு இருந்தால் 1, நீளம் 20 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 1, ஏற்கெனவே முயன்று தோற்றிருந்தால் 1. கூட்டினால் 3ஐத் தொட்டால் மிகக் கடினம். உங்கள் மதிப்பெண் என்ன என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

திறந்தால் என்ன கிடைக்கும்?

நோயாளிகளுக்கு மிகத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய பகுதி இதுதான்.

1. அறிகுறிகள் குறையும். ஐரோப்பாவில் 396 பேரை வைத்துச் செய்த யூரோ சி.டி.ஓ. ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குழாயைத் திறந்தவர்களில் 100க்கு 72 பேருக்கும், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 58 பேருக்கும் நெஞ்சு வலி முழுதாக நின்றிருந்தது. அன்றாட வேலை செய்யும் திறனிலும் திறந்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். ஆனால் யாருக்கு என்ன சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது. 'திறந்தாகிவிட்டது' என்ற நம்பிக்கை தந்த நிம்மதியும் அந்த எண்ணிக்கைக்குள் கலந்திருக்கலாம். மாத்திரையிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் வலி நீங்கியதையும் கவனியுங்கள்.

2. ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2019இல் வெளியான டிசிஷன் சி.டி.ஓ. ஆய்வில் 815 பேர். சுமார் நான்கு வருடம் தொடர்ந்து பார்த்ததில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. மாத்திரைப் பிரிவில் ஐந்தில் ஒருவர் நடுவில் ஸ்டென்ட் பக்கம் மாறியதாலும், திட்டமிட்டதைவிடக் குறைவானவர்களோடு ஆய்வு முடிந்ததாலும் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 'திறக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து' என்று பொதுவாகச் சொல்லி யாரையும் பயமுறுத்த இதில் இடமே இல்லை.

3. பலவீனமான இதயம் தானாக வலுப்பெற்றுவிடாது. பம்பிங் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 700 பேரை வைத்து பிரிட்டனில் செய்த ரிவைவ்ட் ஆய்வு 2022இல் வந்தது. அதில் சி.டி.ஓ. மட்டுமல்ல, எல்லா வகை அடைப்பும் உண்டு. ஸ்டென்ட் வைத்ததால் மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை.

இதனால்தான் வழிகாட்டு நெறிகளும் ஒரே குரலில் பேசவில்லை. மருந்துக்கு அடங்காத நெஞ்சு வலிக்குத் திறப்பதை ஐரோப்பிய நெறி 2018இல் 'பரிசீலிக்க வேண்டும்' என்று ஓரளவு ஆதரித்தது. அமெரிக்க நெறி 2021இல் பலன் உறுதியில்லை என்று பலவீனமான பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டது.

என் கருத்தில், முடிவு ஆஞ்சியோ படத்தைப் பார்த்து மட்டும் எடுக்கக் கூடாதது. படத்தில் கறுப்பாக நின்றுபோன குழாயைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கேத்தி விவசாயி மேல்தோட்டத்துக்கு மறுபடி ஏற விரும்புகிறாரா, மருந்தைச் சரியாக எடுத்த பிறகும் ஏற முடியவில்லையா என்பது.

ஆபத்துகள்

தேர்ந்த மையங்களில் பத்தில் எட்டரை முதல் ஒன்பது பேருக்குக் குழாய் திறக்கிறது. அனுபவம் குறைந்த இடங்களில் வெற்றி வெகுவாகக் குறையும். பெரிய சிக்கல்கள் தேர்ந்த கைகளிலேயே நூற்றில் சுமார் மூன்று பேருக்கு வருகின்றன. சாதாரண ஸ்டென்ட் சிகிச்சையைவிட இது அதிகம்.

குழாயில் ஓட்டை விழுந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் கசிந்து, இதயத்தையே அமுக்குவதுதான் அதிகம் அஞ்ச வேண்டியது. பெரும்பாலும் மேசையிலேயே தெரிந்துவிடும். உடனே சமாளிக்க வழிகளும் உண்டு. சில நேரம் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். ஆகவே மறுநாளே வண்டி பிடித்து மலையேற அவசரப்பட வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால்கூட இன்னும் ஓரிரு நாள் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுப் போவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, மழை இரவில், நெஞ்சு படபடத்துத் தலை சுற்றினால் திரும்பி வர நேரம் பிடிக்கும்.

டை அதிகம் செலுத்துவதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சர்க்கரை இருப்பவர்கள் முன்னும் பின்னும் கிரியேட்டினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். எக்ஸ்ரே நீண்ட நேரம் படுவதால் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து முதுகில் தோல் சிவந்து புண்ணாகும். தேயிலைக் கூடை முதுகில் உரசியதால் வந்தது என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல், சிகிச்சை செய்த இடத்தில் காட்ட வேண்டும்.

ஒத்துக்கொள்ளும் முன்

முதலில் மருந்து. நெஞ்சு வலியைக் குறைக்க பீட்டா பிளாக்கர், நைட்ரேட், தேவைப்பட்டால் ரனோலசின் அல்லது நிக்கோரண்டில், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும். புகையை விடுவதும் சர்க்கரை, பி.பி. இரண்டையும் கட்டுக்குள் வைப்பதும் இதில் சேர்த்தி. பி.பி., சர்க்கரை மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகின்றன. இவ்வளவும் சரியாகச் செய்தும் மேடு ஏற முடியவில்லை என்றால், இவற்றைக் கேளுங்கள்:

1. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை உயிரோடு இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா? எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்) தெளிவில்லை என்றால் இதய எம்.ஆர்.ஐ. அல்லது நியூக்ளியர் ஸ்கேன் சொல்லும். முழுக்கத் தழும்பான இடத்துக்கு இரத்தம் கொண்டுபோய்ப் பயனில்லை.

2. மற்ற இரண்டு குழாய்கள் எப்படி? சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் பைபாஸ் பல நேரங்களில் மேல். சர்க்கரை நோயாளிகள் 1,900 பேரை வைத்து 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் கூடுதல் பேர் உயிரோடு இருந்தார்கள். இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரின் கருத்தும் தேவை.

3. நீங்கள் வருடத்துக்கு எத்தனை சி.டி.ஓ. செய்கிறீர்கள், பின்வழி முறை உங்களுக்குப் பழக்கமா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் தயங்காமல் சொல்வார்.

4. செலவு? ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. ஆனால் இந்தச் சிகிச்சையில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் ஒயர்களும் மைக்ரோ கதீட்டர்களும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், வருடத்துக்கு ஐந்து லட்சம் வரம்புக்குள் எவையெல்லாம் அடங்கும், எவற்றுக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை முடியாமல் நிறுத்தினால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டை அளவும் எக்ஸ்ரே அளவும் எல்லை தொட்டதும் நிறுத்துபவர்தான் பொறுப்பான மருத்துவர். சில வாரங்கள் ஆற விட்டு மறுபடி முயலலாம்.

திறந்த பிறகு

சுருங்கிக் கிடந்த குழாய், ஓட்டம் வந்த சில மாதங்களில் தானாகவே விரிகிறது. இ.சி.ஜி., எக்கோ, கிரியேட்டினின் போன்ற தொடர் பரிசோதனைகளுக்கு ஒவ்வொரு முறையும் கோவை இறங்க வேண்டியதில்லை, ஊட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்த்துப் பொதுவாக ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். அப்புறம் ஒன்று மட்டும் தொடரும்.

இந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாததற்குக் காரணம் அந்தக் கோத்தகிரி வழியிலேயே இருக்கிறது. நேர்வழி திறந்ததும் பக்கவழிக் குழாய்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. சில மாதங்களில் அவை மறுபடியும் ஒடுங்கிவிடுகின்றன. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது, ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது என்று மாத்திரையை விட்டு, ஸ்டென்டுக்குள் திடீரென இரத்தம் உறைந்தால், முன்பு இத்தனை வருடம் காப்பாற்றிய சுற்றுவழி அந்த நேரத்தில் தயாராக இருக்காது. அன்று வருவது மாரடைப்பு. பல் மருத்துவரிடம் போகும் முன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மாத மாத்திரை வீட்டில் கூடுதலாக இருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம் ஓய்விலும் விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நீடித்தால், 108ஐ அழைக்க விடியும்வரை காத்திருக்கக் கூடாது.